கூமெரா சுற்றுத்தடம்: 17 கிலோமீட்டர் காட்டு நடையும் ஒரு மலையாற்றின் அருவிகளும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நியூ சவுத் வேல்ஸ் எல்லையை ஒட்டி எழும் மலைத்தொடரில் லாமிங்டன் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியான பின்னா பர்ராவிலிருந்து புறப்பட்டு, கூமெரா ஆற்றின் ஆழ்ந்த மலையிடுக்குக்குள் இறங்கி, அருவி அருவியாக ஆற்றோடு மேலேறி, எல்லைத் தடம் எனப்படும் முகட்டுப் பாதை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுத்தடத்தைப் பற்றியது இம்மதிப்புரை. தடத்தின் நீளம் சுமார் 17 கிலோமீட்டர். நடந்து பழகியவர்களுக்கும் 6 முதல் 7 மணி நேரம் பிடிக்கும். நான் இத்தடத்துக்கு இரண்டு முறை சென்றிருக்கிறேன். பிப்ரவரி மாதத்தில் சென்றபோது பாதி வழியில் திரும்பினேன். ஆகஸ்ட் மாதத்தில் சென்றபோது முழுச் சுற்றையும் முடித்தேன். முடித்த நடையைப் போலவே முடியாத நடையும் இத்தடத்தின் இயல்பை எனக்குக் கற்பித்தது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிரிஸ்பேனிலிருந்து பின்னா பர்ரா ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கோல்ட் கோஸ்ட்டிலிருந்து வருபவர்களுக்குத் தொலைவு குறைவு. பீச்மாண்ட் ஊரைத் தாண்டிய பிறகு சாலை குறுகி, வளைந்து வளைந்து மேலேறுகிறது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வார இறுதிகளில் வண்டி நிறுத்த இடம் விரைவாக நிரம்பிவிடுவதாலும், குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதாலும், காலை 7.30 மணிக்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை. மலையிடுக்குக்குள் பொழுது இன்னும் முன்னதாகவே சாய்ந்துவிடும். மதியம் 3 மணிக்கே அங்கு நிழல் கூடிவிடுவதைக் கண்டேன்.

இத்தடத்தின் தனிச்சிறப்பு என்னவென்று எனக்கு முதலில் சொன்னவர் என் மாமனார். மதுரை மாவட்டத்தில் நெடுஞ்சாலைத் துறையில் சர்வேயராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். எங்களைப் பார்க்க வந்திருந்தபோது, ஆகஸ்ட் நடையன்று, முதல் 2 கிலோமீட்டர் மட்டும் உடன் வந்துவிட்டுத் திரும்புவதாகத் தீர்மானித்திருந்தார். அருவிகளைப் பற்றி நான் பேசிக்கொண்டு போக, அவரோ தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இந்த ஏற்றம் பத்துக்கு ஒன்றைத் தாண்டவே இல்லை. மாடு போன வழியைப் பார்த்துப் போட்ட பாதை மாதிரி இருக்கிறது" என்றார். பத்தடி நடந்தால் ஓரடிக்கு மேல் உயரவில்லை என்பது அவர் கணக்கு. எனக்கு வியப்பு தாங்கவில்லை. ஏனெனில் உண்மையும் அதுவேதான்.

இப்பூங்காவின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ரோமியோ லேஹி, ஒரு பொறியாளர். மேய்ச்சல் நிலத்தில் கறவை மாடுகள் மலைச்சரிவில் ஏறும்போது தாமே உண்டாக்கிக்கொள்ளும் தடங்களைக் கவனித்த அவர், அவற்றின் ஏற்றம் பத்துக்கு ஒன்றை மீறுவதில்லை என்பதைக் கண்டு, இங்குள்ள நடைத்தடங்களையும் அந்த அளவிலேயே அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ராபர்ட் காலின்ஸ் என்பவர் தொடங்கிவைத்த இயக்கத்தை, 1913இல் அவர் இறந்த பிறகு, ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டி 1915இல் பூங்காவாக நிறைவேற்றியவரும் லேஹிதான். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையிழந்த தொழிலாளர்களைக் கொண்டு, கைக்கருவிகளாலேயே இத்தடங்கள் வெட்டப்பட்டன. அன்று அடுக்கிய கல்வரிசைகள் பல இன்றும் சரிவைத் தாங்கி நிற்கின்றன. மூச்சு வாங்காமல் ஒருவர் பேசிக்கொண்டே மலையேற முடிகிறது என்றால், அது அந்த மனிதர்களின் உழைப்பு. ஒரு சாலையின் அருமையைச் சாலை போட்டவர் அறிந்துகொண்ட அந்தக் காலைப் பொழுது, அன்று நான் கண்ட எந்த அருவிக்கும் குறைந்ததன்று.

அப்படியானால் இத்தடம் ஏன் கடினம் என்று கேட்கத் தோன்றும். செங்குத்தான ஏற்றத்தால் அன்று. நீளத்தாலும், ஈரத்தாலும், ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டியிருப்பதாலும், நடுவழியில் வெளியேறக் குறுக்குப் பாதை இல்லாததாலும் இது கடினம். பாதை மென்மையாக ஏறி இறங்குவதால் முதல் ஒரு மணி நேரத்தில் இதைப் பூங்கா உலாவாக எண்ணிவிடுவார்கள். அந்த எண்ணத்தோடு, ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியும் செருப்புமாக இறங்கிவந்தவர்களை நான் நேரில் பார்த்தேன்.

தொடக்கத்தில் சுமார் 2 கிலோமீட்டர் எல்லைத் தடத்திலேயே நடக்கிறோம். இது அயனமண்டலத்தை ஒட்டிய மழைக்காடு. அத்தி இனத்தைச் சேர்ந்த நெரிக்கும் மரங்கள், தம்மைத் தாங்கிய மரத்தைச் சுற்றி வலைபோல வேர்களை இறக்கி, அது செத்து மட்கிய பிறகும் உள்ளீடற்ற கோபுரமாக நிற்கின்றன. பறவைக்கூட்டுப் பெரணிகள் கிளைக்கிளையாகத் தொற்றியிருக்கின்றன. சாட்டைப் பறவையின் குரலை இங்குதான் முதலில் கேட்டேன். ஆண் பறவை நீளமாக இழுத்துச் சாட்டையைச் சொடுக்குவதுபோல முடிக்க, பெண் பறவை அந்தக் கணத்திலேயே இரண்டு கீச்சொலிகளால் விடையளிக்கிறது. இரண்டும் ஒரே பறவையின் குரல் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். பிறகு வலப்புறம் கூமெரா தடம் பிரிகிறது. மாமனார் அங்கிருந்து திரும்பினார். நானும் என் அலுவலக நண்பரும் இறங்கத் தொடங்கினோம்.

பிரிந்த பிறகு காட்டின் முகம் மாறுகிறது. பிரஷ் பாக்ஸ் எனப்படும் நெடுமரங்கள் வழியெங்கும் நிற்கின்றன. இரண்டு மூன்று பேர் கைகோத்தால்தான் அணைக்க முடிகிற அடிமரங்கள் அவற்றுக்கு. தொடங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், மரத்தடுப்பு அமைத்த காட்சிமுனை வருகிறது. எதிரே கூமெரா அருவி 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பக்கவாட்டில் யாரபில்கொங் அருவி வேறொரு சரிவிலிருந்து இறங்குகிறது. காலுக்குக் கீழே மலையிடுக்கு 160 மீட்டர் ஆழம் வரை பிளந்து கிடக்கிறது. சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கொதித்தெழுந்த ட்வீட் எரிமலையின் வடக்குச் சரிவுதான் இன்றைய லாமிங்டன் மலை. குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகியதால், ஆறு அரித்துக்கொண்டு வரும்போது மென்மையான அடுக்கு கரைந்தும் கடினமான அடுக்கு படியாக எஞ்சியும் நிற்கிறது. இத்தடத்தில் அருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதன் காரணத்தை அந்தக் காட்சிமுனையில் நின்று எதிர்ச்சுவரின் கிடைக்கோடுகளைப் பார்த்தால் யாரும் விளக்காமலே புரிந்துகொள்ளலாம்.

நடையின் உயிர்ப்பகுதி இதற்கு மேல்தான் தொடங்குகிறது. தடம் மலையிடுக்கின் சுவரை ஒட்டிக் குறுகலாகச் செல்கிறது. ஒருபுறம் பாசி வழியும் பாறை, மறுபுறம் பள்ளம். பல இடங்களில் தடுப்பு இல்லை. உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் இந்தச் சில நூறு மீட்டர்களைப் பற்றி முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். பிறகு தடம் ஆற்றின் மட்டத்துக்கு வந்து, ஆற்றை இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பலமுறை கடக்கிறது. பாலம் எதுவும் இல்லை. ஆற்றில் கிடக்கும் பாறைகள்தான் படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அருவியோ துள்ளல் நீரோட்டமோ வந்துவிடுகிறது. பானம்பூலா அருவி போன்றவற்றுக்கு இம்மண்ணின் மக்கள் மொழியின் ஓசையோடு கூடிய பெயர்கள் நிலைத்திருப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது. யுகம்பே மக்கள் இம்மலைகளை வூனூங்கூரா என்று அழைக்கிறார்கள். பூங்காவின் இன்றைய பெயரோ, 1896 முதல் 1901 வரை குயின்ஸ்லாந்தின் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர். பின்னாளில் பம்பாய் ஆளுநராகச் சென்றவரும், மும்பையின் லாமிங்டன் சாலைக்குப் பெயர் தந்தவரும் அவரே.

இரண்டாவது கடவைக்கு அருகில் தடத்தின் நடுவில் நீல நிறத்தில் ஏதோ அசைவதைப் பார்த்து நின்றோம். லாமிங்டன் முள் க்ரேஃபிஷ் எனப்படும் நன்னீர் உயிரினம் அது. சிங்கி இறாலின் சாயலில், நீலமும் வெண்மையும் கலந்த முள்தோலோடு, ஈரமான நாட்களில் ஆற்றைவிட்டு ஏறித் தரையிலும் நடமாடும். எங்கள் காலடி அதிர்வை உணர்ந்ததும் பின்வாங்காமல், இரண்டு கொடுக்குகளையும் தலைக்கு மேல் உயர்த்திச் சீறியது. ஒரு சாண் நீளமுள்ள ஓர் உயிர், தன்னைவிட நூறு மடங்கு பெரிய இருவரை மறித்து நின்ற அந்தத் துணிவுக்கு வழிவிட்டு, அது புதருக்குள் ஒதுங்கும்வரை காத்திருந்தோம். அதைக் கையில் எடுக்கவோ குச்சியால் தள்ளவோ யாரும் முயலக் கூடாது.

பிப்ரவரியில் நான் திரும்பிய இடமும் அதற்குச் சற்று மேலேதான். தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்த மழைக்குப் பிறகு, வானம் தெளிந்துவிட்டதை நம்பிப் புறப்பட்டிருந்தேன். அருவிகள் அன்று கண்கொள்ளாக் காட்சியாக இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மூன்றாவது கடவையில், வழக்கமாக வெளியே தெரியும் பாறைகளின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; நிறமும் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. கால் நனைத்துப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே இருந்த நீரே என்னை அசைத்தது. ஒரு குச்சியை விளிம்பில் நட்டுவைத்துக் கால் மணி நேரம் பார்த்தேன், நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஏற்கெனவே கடந்துவந்த கடவைகளும் இப்போது ஏறிக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் வந்ததும், ஒரு நொடியும் தாமதிக்காமல் திரும்பினேன். திரும்பும் வழியில் ஒரு கடவையை இடுப்புவார் நனையக் கடந்தேன். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேல்முகட்டில் மழை பெய்துகொண்டிருக்கலாம் என்பதை அன்று உடம்பால் அறிந்தேன். கூமெரா சுற்றில் முதல் கடவையிலேயே நீரோட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது கடவைவரை தள்ளிப்போடுவது தவறு.

அன்று நான் அணிந்திருந்த காலணியும் உதவவில்லை. நகரத்துக் கடையொன்றில், ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும் என்ற உறுதிமொழியோடு வாங்கியது அது. அடிப்பகுதி கடினமாக இருந்ததால் பாசிப் பாறையில் கண்ணாடிமேல் நடப்பது போலிருந்தது. ஆகஸ்டில், அடிப்பகுதி மென்மையான ரப்பராலான, நீர் புகுந்தால் உடனே வெளியேறிவிடும் இலேசான காலணியை அணிந்து சென்றேன். நீர்புகாக் கனத்த காலணியைவிட இத்தடத்துக்கு அதுவே பொருத்தம். இங்கு கால் நனைவதைத் தவிர்க்க முடியாது. நனைந்த கால் வழுக்காமல் இருப்பதே முக்கியம். ஊன்றுகோல் ஒன்று இருந்தால் கடவைகளில் பெரிதும் உதவும்.

காட்டின் சிறு உயிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்குப் பின் அட்டைகள் ஏராளம். ஆனைமலையிலும் வால்பாறையிலும் நடந்தவர்களுக்கு இது புதிதன்று. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்து எடுத்துவிட்டால் போதும். உண்ணிகள்தான் கவனத்துக்குரியவை. கிழக்கு ஆஸ்திரேலியாவின் முடக்கு உண்ணி சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால், வீடு திரும்பியதும் தலைமுடி, காதுப் பின்புறம், அக்குள் வரை தேடிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கொட்டும் மரம். மரம் விழுந்து வெளிச்சம் விழுந்த இடங்களில், இதய வடிவப் பெரிய இலைகளோடு தழைத்து நிற்கும். அந்த இலைகளில் நுண்ணிய கண்ணாடி ஊசிகள் போன்ற சுனைகள் உண்டு. நம்மூர்க் காஞ்சொறியின் அரிப்பைப் பல மடங்காக்கினால் வரும் வலி அது என்றும், குளிர்ந்த நீர் பட்டாலே வாரக்கணக்கில் மீண்டும் மீண்டும் தலையெடுக்கும் என்றும் பட்டவர்கள் சொல்வார்கள். தடத்தைவிட்டு விலகாமலும், தெரியாத இலையை விலக்கக் கை நீட்டாமலும் நடந்தால் இதிலிருந்து தப்பிவிடலாம்.

மலையிடுக்குக்குள் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதை நம்ப முடியாது. இம்மலைத்தொடரின் அடர்த்தியை உணர்த்த ஒரு பழைய நிகழ்ச்சியே போதும். 1937 பிப்ரவரி 19 அன்று 7 பேருடன் பறந்த ஸ்டின்சன் விமானம் இம்மலைக்காட்டில் விழுந்தது. தேடியவர்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருக்க, பெர்னார்ட் ஓ'ரெய்லி என்ற உள்ளூர்வாசி தனியே காட்டுக்குள் புகுந்து, 9 நாட்களுக்குப் பிறகு உயிரோடு இருந்த இருவரைக் கண்டுபிடித்தார். உதவி தேடித் தனியே இறங்கிச் சென்ற மூன்றாமவர் வழியில் விழுந்து அடிபட்டு இறந்திருந்தார். இன்று தடமும் வழிகாட்டிப் பலகைகளும் இருக்கின்றன. ஆனால் தடத்திலிருந்து 20 மீட்டர் விலகினால் காடு அன்றைய காடுதான். தனியாகச் செல்பவர்கள் செயற்கைக்கோள் வழியாக அவசரச் சமிக்ஞை அனுப்பும் கருவியை எடுத்துச் செல்வதும், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் கட்டாயம் என்பேன்.

மேல்கடவைகளைத் தாண்டி ஏறினால் மீண்டும் எல்லைத் தடத்தில் சேர்கிறோம். அங்கிருந்து பின்னா பர்ராவுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். இந்தப் பகுதியை நான் உயர்வாக மதிப்பிட மாட்டேன். பாதை சீரானது, நிழலானது, ஆனால் தண்ணீரின் ஓசை நின்றுவிடுகிறது. களைத்த காலுக்கு 7 கிலோமீட்டர் நீளமாகவே தெரிகிறது. சிலர் இதையே முதலில் நடந்து, ஆற்றோடு கீழிறங்கி வருகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஈரப்பாறையில் ஏறுவது இறங்குவதைவிடப் பாதுகாப்பானது. ஆற்றைக் கடக்கும் பகுதி புத்துணர்ச்சியோடு இருக்கும் முற்பகலில் வருவதே நல்லது. மேலும், நீர் அதிகமாக இருந்தால் கடவையிலிருந்து தொடக்க இடத்துக்குத் திரும்பும் வழியும் இத்திசையில்தான் குறுகியது.

திரும்பும் வழியில் வலு மிச்சமிருந்தால் துல்லவல்லால் என்ற சிறு குன்றுக்குப் பிரியும் கிளைத்தடத்தில் ஏறிப் பார்க்கலாம். அங்கு அண்டார்டிக் பீச் மரங்கள் பாசிபடிந்த பாறைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கின்றன. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் அண்டார்டிக்காவும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் எச்சம் இம்மரக்குடும்பம். உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்காடுகளுக்குக் கோண்டுவானா மழைக்காடுகள் என்று பெயர். நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரே புவியியலாளர்களால் அந்தப் பழைய பெருநிலத்துக்குச் சூட்டப்பட்டு, இங்குக் குயின்ஸ்லாந்து மலையின் பலகையிலும் வந்து நிற்கிறது. களைப்பையும் மீறி அந்த மரங்களுக்கடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தொடக்க இடத்தின் வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்தர் க்ரூமும் லேஹியும் 1933இல் தொடங்கிய பின்னா பர்ரா விடுதியின் பழைய மரக்கட்டடங்கள் 2019 செப்டம்பர் காட்டுத்தீயில் எரிந்துபோயின. கல்லால் கட்டிய தேநீரகம் தப்பியது. நடை முடிந்து வருபவர்களுக்கு அங்கே சூடாகத் தேநீரும், பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார இடமும் கிடைக்கும். கழிப்பறை தொடக்கத்தில் உண்டு, தடத்தில் கிடையாது. குடிநீர் ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துச் செல்ல வேண்டும். ஆற்றுநீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கக் கூடாது. மழைக்குப் பிறகு தடம் மூடப்படுவதுண்டு. ஆகையால் பூங்காத் துறையின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

முழுச் சுற்றையும், ஒரு நாளில் 12 கிலோமீட்டராவது முன்பு நடந்து பார்த்தவர்களுக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான உலர்ந்த மாதங்களில் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். சிறு குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் செல்பவர்கள், ஆற்றுக்குள் இறங்காமல் கூமெரா அருவிக் காட்சிமுனைவரை சென்று அதே வழியில் திரும்பலாம். போக வர ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆகும். ஏற்றம் எங்கும் மூச்சை முட்டாது.

அன்று மாலை நாங்கள் திரும்பியபோது மாமனார் தேநீரகத்தின் வாசலில், மடித்த தாளொன்றின் பின்புறத்தில் கோடுகள் இழுத்துக்கொண்டிருந்தார். தாம் நடந்த 2 கிலோமீட்டரின் ஏற்ற இறக்கங்களைக் காலடிக் கணக்கில் குறித்து வைத்திருந்தார். "மீதியை நீங்கள் சொல்லுங்கள் மாப்பிள்ளை, எழுதிக்கொள்கிறேன்" என்றார். அருவிகளைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, முதலில் வளைவுகளைச் சொல்லச் சொன்னார்.